ரோட்டருக்கு மேலே பள்ளம் வெட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஆக்சியல் கம்பிரசரின், அதாவது சுழலும் பிளேடு வரிசைகளால் (ரோட்டர்) காற்றை அச்சுத் திசையில் தள்ளி அழுத்தும் இயந்திரத்தின், கேசிங் (வெளி உறை) பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். படம் வரைந்து அனுப்பியவர்களின் அளவுகளைப் பதிலுக்குள்ளேயே தந்திருக்கிறோம்.

கே: பிளேடு முனைக்கும் கேசிங்கிற்கும் நடுவே உள்ள இடைவெளியை அரை மில்லிமீட்டர் குறைக்க அவ்வளவு பாடுபடுகிறார்கள். அதே கேசிங்கில் வேண்டுமென்றே பள்ளம் வெட்டினால் ஸ்டால் (ஓட்டம் பிளேடை ஒட்டிப் போகாமல் குலைவது) தள்ளிப்போகும் என்றும் பாடத்தில் வருகிறது. சுவர் கரடுமுரடானால் ஓட்டம் கெடத்தானே வேண்டும்? – மூன்றாம் ஆண்டு ஏரோநாட்டிக்கல் மாணவி, கோவை

ப: கெடும். டிசைன் நிலையில், அதாவது வடிவமைத்த வேகத்திலும் காற்றளவிலும், ஓடும் கம்பிரசரில் பள்ளம் ஒரு சுமைதான். செயல்திறனில் கொஞ்சம் தின்றுவிடும். அதன் பலன் தெரிவது த்ராட்டிலை (காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை) மூடி, காற்றின் அளவைக் குறைத்துக்கொண்டே போகும்போது.

பிளேடின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. முனைக்கு மேலே இடைவெளி இருப்பதால் அதிக அழுத்தப் பக்கத்துக் காற்று அதன் வழியாகப் பீறிட்டு மறுபக்கம் போகிறது. இதைத்தான் டிப் லீக்கேஜ் என்கிறோம். அது உள்ளே வரும் காற்றோடு மோதிச் சுழலாகச் சுருண்டு, பக்கத்துப் பிளேடை நோக்கிக் குறுக்கே நகர்கிறது. கம்பிரசர் நன்றாக ஓடும்போது, உள்ளே வரும் காற்றின் வேகம் இந்தச் சுழலைப் பின்பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும். காற்று குறையக் குறைய பிளேடின் சுமை ஏறுகிறது, லீக்கேஜ் வலுக்கிறது, எதிர்த்துத் தள்ளும் வேகமோ குறைகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து பிளேடுகளின் முன்விளிம்புக்கு வந்து சேர்கிறது. அதைத் தாண்டி லீக்கேஜ் காற்று அடுத்த பிளேடின் முன்னால் வழிய ஆரம்பித்தால், முனையில் ஸ்டால் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேசிங்கில் வட்டமாகச் சுற்றி ஓடும் பள்ளங்கள், அதாவது குரூவ்கள், இந்தக் கதையில் குறுக்கிடுகின்றன. அழுத்தம் மிகுந்த இடத்தில் காற்று பள்ளத்துக்குள் ஏறுகிறது. பள்ளத்தோடு கொஞ்ச தூரம் சுற்றுவட்டமாக நகர்ந்து, அழுத்தம் குறைந்த இடத்தில் இறங்குகிறது. லீக்கேஜ் ஜெட்டின் வேகத்தில் ஒரு பங்கு இந்த ஏற்ற இறக்கத்திலேயே செலவாகிறது. முன்னோக்கித் தள்ளும் பலம் குறைகிறது. சந்திப்புக் கோடு முன்விளிம்பை எட்டத் தாமதமாகிறது. அச்சுத் திசையில் நீளும் சாய்ந்த ஸ்லாட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ரோட்டரின் பின்பகுதியில் அழுத்தம் ஏறிய காற்றை எடுத்து, முன்விளிம்புக்கு அருகே ஜெட்டாகத் திரும்ப ஊட்டுகின்றன.

இதை யாரும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் நாசாவுக்காக நடந்த சோதனைகளில், ரோட்டருக்கு மேலே தேன்கூடு போன்ற துளைச் சுவர் வைத்து, அதன் வழியாகக் காற்றை உறிஞ்சியும் ஊதியும் பார்த்தார்கள். உறிஞ்சாமல், ஊதாமல் விட்டபோதும் ஸ்டால் தள்ளிப்போயிருந்தது. துளைச் சுவரே வேலை செய்திருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தேன்கூடு, குரூவ், நேர் ஸ்லாட், சாய்வு ஸ்லாட் என்று வரிசையாக ஒப்பிட்டார்கள். கேசிங்கை இப்படி மாற்றியமைக்கும் கேசிங் ட்ரீட்மென்ட் தனித் துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான்.

ஆனால் எல்லா ரோட்டருக்கும் இது பலிக்காது. பாடப்புத்தகங்கள் போதிய அழுத்தம் கொடுக்காத விஷயம் இதுதான். 1979-இல் கிரைட்சர் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரே மாதிரியான கேசிங் ஸ்லாட்டை இரண்டு விதமான ரோட்டர் அமைப்பில் வைத்துச் சோதித்தார்கள். ஒன்றில் சாலிடிட்டி அதிகம்: பிளேடுகள் நெருக்கம், ஒவ்வொன்றின் மீதும் சுமை குறைவு, ஸ்டால் கேசிங் சுவரருகே தொடங்கும். மற்றொன்றில் சாலிடிட்டி குறைவு: பிளேடின் பரப்பிலேயே ஓட்டம் பிரிந்து ஸ்டால் வரும். முதலாவதில் ஸ்லாட் நன்றாக வேலை செய்தது. இரண்டாவதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. பிளேடின் அடிப்பகுதியான ஹப் பக்கத்திலோ, சுழலாத பிளேடு வரிசையான ஸ்டேட்டரிலோ ஸ்டால் தொடங்கும் கம்பிரசரில் கேசிங்கை எவ்வளவு செதுக்கினாலும் கூலிதான் மிச்சம்.

கே: ஸ்டாலும் சர்ஜும் ஒன்றா? சிலர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். – ஆசிரியர், பாலிடெக்னிக், மதுரை

ப: ஒன்றல்ல. ரொட்டேட்டிங் ஸ்டாலில் கம்பிரசர் வழியே போகும் மொத்தக் காற்று பெரும்பாலும் நிலையாகவே இருக்கும். சுற்றளவில் ஒரு பகுதி மட்டும் அடைபட்டு, அந்த அடைப்பு சுற்றிக்கொண்டே வரும். ஒரு பாதை அடைபட்டால் காற்று இருபுறமும் ஒதுங்குகிறது. ஒரு பக்கத்துப் பிளேடுக்குத் தாக்கு கோணம் கூடி அதுவும் ஸ்டால் ஆகிறது, மறுபக்கத்துப் பிளேடு மீள்கிறது. 1955-இல் எம்மன்ஸ் குழுவினர் தந்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த அடைப்பு ரோட்டர் சுற்றும் திசையிலேயே, ஆனால் அதைவிட மெதுவாகச் சுற்றும்.

சர்ஜில் மொத்தக் காற்றுமே முன்னும் பின்னும் ஊசலாடும். கடுமையானால் திரும்பி ஓடும். முன்பக்கம் தீ கக்குவது, பீரங்கிச் சத்தம் எல்லாம் இதில்தான். ஒரு கம்பிரசர் ஸ்டாலில் மாட்டிக்கொள்ளுமா, சர்ஜுக்குப் போகுமா என்பது பிளேடை மட்டும் பொறுத்ததல்ல. பின்னால் உள்ள கொள்ளளவு, குழாயின் நீளமும் குறுக்குப் பரப்பும், பிளேடு வேகம் ஆகியவற்றைச் சேர்த்து 1976-இல் கிரைட்சர் ஒரு எண்ணைத் தந்தார். அதன் பெயர் பி. அவருடைய சோதனை அமைப்பில் அது சுமார் 0.8-ஐத் தாண்டியபோது சர்ஜ் வந்தது, அதற்குக் கீழே ரொட்டேட்டிங் ஸ்டால். இந்த 0.8 எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் மாறிலி இல்லை. ஆய்வகத்தில் பின்னால் சிறு குழாய் மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு "சர்ஜே வரவில்லை" என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கே: எங்கள் ஆய்வகத்தில் ஒற்றை ரோட்டர் ரிக் (சோதனை அமைப்பு) இருக்கிறது. முனை விட்டம் 500 மி.மீ., ஹப் விட்டம் 300 மி.மீ., 24 பிளேடுகள், முனையில் கார்டு (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான தூரம்) 70 மி.மீ., ஸ்டேகர் கோணம் (பிளேடின் சாய்வு) அச்சிலிருந்து 55 டிகிரி, இடைவெளி 1 மி.மீ., வேகம் 2400 ஆர்பிஎம். எம்.இ. புராஜெக்டுக்குக் கேசிங் ட்ரீட்மென்ட் செய்ய விரும்புகிறோம். குரூவா, ஸ்லாட்டா? என்ன அளவில் வெட்டுவது? 3டி பிரிண்டில் செய்யலாமா? – இரு மாணவர்கள், திருச்சி

ப: முதலில் உங்கள் எண்களிலிருந்து சில விஷயங்கள். பிளேடின் உயரம் 100 மி.மீ.; இடைவெளி அதில் 1 சதவீதம். முனையில் பிளேடுக்குப் பிளேடு தூரம் 65.4 மி.மீ., கார்டை அதனால் வகுத்தால் வரும் சாலிடிட்டி 1.07. ரோட்டர் விநாடிக்கு 40 சுற்று. பிளேடு கடக்கும் அதிர்வெண் 960 ஹெர்ட்ஸ். முனையில் அச்சுத் திசைக் கார்டு, 70-ஐ 55 டிகிரியின் கோசைனால் பெருக்க, 40 மி.மீ.

வெட்டுவதற்கு முன்னால் சாதாரண வழவழப்பான கேசிங்கில் ஸ்டால் எங்கே, எப்படித் தொடங்குகிறது என்று பதிவு செய்யுங்கள். முன்விளிம்புக்குச் சற்று முன்னால், கேசிங் உட்சுவரோடு சமமாக, 45 டிகிரிக்கு ஒன்றாக அழுத்த மாற்றத்தை வேகமாக உணரும் எட்டு சென்சார்கள் பதியுங்கள். சுவரிலிருந்து 0.2 மி.மீ. துருத்திக்கொண்டு நின்றாலும் அளவு கெடும். விநாடிக்கு 20,000 மாதிரிகள் போதும். த்ராட்டிலை மிக மெதுவாக மூடிக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

ஸ்டாலுக்கு முந்தைய சில சுற்றுகளில் இரண்டு விதத்தில் ஒன்று தெரியும். ஒன்றிரண்டு பிளேடு அகலத்துக்குள் கூர்மையான ஒரு முள் எழுந்து, ரோட்டர் வேகத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் சுற்றினால் அது ஸ்பைக். 40-இல் 70 சதவீதம் 28 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த சென்சார்களில் அந்த முள் தெரிவதற்கு நடுவே 4.5 மில்லிவிநாடி இடைவெளி இருக்கும். அதற்குப் பதிலாகச் சுற்றளவு முழுக்கப் பரவிய மெதுவான அலை பல சுற்றுகளாக வளர்ந்து வந்தால் அது மோடல் வகை. 45 சதவீத வேகம் என்றால் சென்சார்களுக்கு நடுவே ஏறக்குறைய 7 மில்லிவிநாடி. ஸ்பைக் வகை என்றால் முனையில்தான் கோளாறு என்று நம்பலாம், பள்ளம் வெட்டுவதில் அர்த்தம் உண்டு. மோடல் வகை என்றால் முனை இடைவெளியைக் கொஞ்சம் மாற்றி, ஸ்டால் புள்ளி நகர்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நகரவில்லையானால் கேசிங்கை விட்டுவிட்டுத் தலைப்பை மாற்றுவது நல்லது.

குரூவா, ஸ்லாட்டா என்ற கேள்விக்கு எங்கள் பரிந்துரை குரூவ். பொதுவாகக் குரூவினால் கூடுதலாகக் கிடைக்கும் ஸ்டால் மார்ஜின் (ஸ்டால் வரும் வரை மிச்சமிருக்கும் வரம்பு) சில சதவீதம்தான். செயல்திறன் இழப்பு ஒரு புள்ளிக்குள் அடங்கும், சில வேளைகளில் தெரியவே தெரியாது. சாய்வு ஸ்லாட் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தரும். இழப்பும் ஒரு புள்ளியிலிருந்து பல புள்ளி வரை போகும். ஆனால் குரூவை லேத்தில் கடைந்துவிடலாம், அளவு துல்லியமாக வரும், பிளேடைத் தட்டி அதிரவைக்காது. புராஜெக்டுக்கு இருக்கும் காலத்தில் முடிகிற வேலை அதுதான்.

அளவு: முன்விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி முதல் குரூவ். அகலம் 4, நடுவே விடும் சுவர் 2, ஆழம் 8 மி.மீ. இப்படி நான்கு வெட்டினால் 4–8, 10–14, 16–20, 22–26 மி.மீ. என்று அமையும்; அச்சுக் கார்டில் 10-லிருந்து 65 சதவீதம் வரை மூடும். அதற்குப் பின்னால் வெட்டுவது பெரும்பாலும் இழப்பைத்தான் கூட்டும். ஆழத்தை அகலத்தின் இரண்டு மடங்குக்கு மேல் கொண்டுபோய்ப் பெரிதாக லாபமில்லை. நடுச்சுவர் 2 மி.மீ.க்குக் குறைந்தால் கடையும்போதே மடங்கும். நான்கும் சமமாக உழைக்கும் என்று எண்ண வேண்டாம். குறைவேக ரிக்குகளில் ஒற்றைக் குரூவை இடம் மாற்றி மாற்றிச் சோதித்தவர்கள், முன்விளிம்புக்கு அருகில் ஓரிடமும் கார்டின் நடுப்பகுதியில் ஓரிடமும்தான் அதிகப் பலன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள்.

எந்தக் குரூவ் வேலை செய்கிறது என்று பார்க்க அடைப்பு வளையங்கள் செய்யுங்கள். குரூவின் அளவுக்கே பிவிசியில் கடைந்து, இரண்டு மூன்று துண்டாக வெட்டி உள்ளே பொருத்தி, வெளியிலிருந்து திருகு போட்டு இறுக்கலாம். நான்கையும் அடைத்தால் அதுவே உங்கள் வழவழப்புக் கேசிங். இந்த ஏற்பாட்டின் உண்மையான பயன் இங்கேதான். பழைய கேசிங்கில் அடிப்படை அளவு எடுத்து, புதிய வளையத்தில் குரூவ் அளவு எடுத்தால், இரண்டிலும் இடைவெளி ஒன்றாக இருக்காது. 1.1 மி.மீ. இருந்தது 0.9 ஆகியிருந்தால், வந்த முன்னேற்றத்தில் குரூவின் பங்கு எவ்வளவு, இடைவெளியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. மாணவர் அறிக்கைகளில் காணும் "பெரும் வெற்றி" பலவற்றுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. அடைப்பு வளையத்தின் உட்பரப்பு கேசிங்கோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது போதாது. டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். குரூவ்களை டேப் ஒட்டி மூடுவது, பிளாஸ்டர் பூசி அடைப்பது இரண்டும் கூடாது. உரிந்து ரோட்டருக்குள் போகும்.

3டி பிரிண்ட் செய்யலாம், ஆனால் வழக்கமான அச்சுப் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். த்ராட்டில் மூடிய நிலையில் நீண்ட நேரம் ஓட்டினால் காற்று சூடேறும். அரை மீட்டர் வளையம் ஒரே துண்டாகவும் வராது. துண்டுகளாக அச்சிட்டு ஒட்டியபின் உட்பக்கத்தை லேத்தில் ஒரே பிடிப்பில் கடைந்தால்தான் வட்டம் கிடைக்கும். அவ்வளவுக்கு லேத் ஏறப்போகிறது என்றால் அலுமினிய வளையத்திலேயே செய்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. குரூவுக்கு வெளியே குறைந்தது 6 மி.மீ. கனம் விடுங்கள். பொருத்தியபின் ஃபீலர் கேஜால் எட்டு இடத்தில் இடைவெளி அளந்து, ரோட்டரைக் கையால் கால் சுற்றுத் திருப்பி மறுபடி எட்டு இடம். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் 0.1 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஓட்ட வேண்டாம்.

ஸ்லாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை: சாயும் திசை. வாயிலிருந்து ஆழத்துக்குப் போகப் போக, ஸ்லாட் ரோட்டர் சுற்றும் திசையில் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ரோட்டரோடு சுழலும் காற்று தடையில்லாமல் உள்ளே ஏறி, வெளியே வரும்போது சுழற்சிக்கு எதிர்த்திசையில் பாயும். வரைபடத்தைப் பின்பக்கமிருந்து பார்த்து வரைந்து, முன்பக்கமிருந்து பார்த்துக் கடைந்தால் சாய்வு தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட கேசிங், ஒன்றும் செய்யாத வழவழப்புக் கேசிங்கைவிட மோசமாகவும் நடக்கலாம். 45 டிகிரி சாய்வு, ஸ்லாட்டின் பாதி நீளம் முன்விளிம்புக்கு முன்னால் நீண்டிருப்பது, ஒரு பிளேடுப் பாதைக்கு மூன்று முதல் ஐந்து ஸ்லாட் என்பது நல்ல தொடக்கம். எண்ணிக்கை 24-இன் மடங்காக வேண்டாம். 96-க்குப் பதில் 97 அல்லது 101 போடுங்கள். ஸ்லாட் எண்ணிக்கையை 40-ஆல் பெருக்கி வரும் அதிர்வெண், பிளேடின் இயல்பு அதிர்வெண் எதனோடும் ஒத்துப்போகக் கூடாது.

கடைசியாகக் கணக்கு. ஸ்டால் மார்ஜின் என்பது ஸ்டால் புள்ளியின் அழுத்த விகிதத்தை டிசைன் புள்ளியின் அழுத்த விகிதத்தால் வகுத்து, டிசைன் காற்றளவை ஸ்டால் காற்றளவால் வகுத்ததோடு பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. அழுத்த விகிதம் டிசைனில் 1.30, ஸ்டாலில் 1.36, காற்று விநாடிக்கு 10-லிருந்து 9 கிலோவுக்கு வந்தது என்று வைத்துக்கொண்டால் 16.2 சதவீதம். குரூவுக்குப் பின் ஸ்டால் 1.37-இலும் 8.6 கிலோவிலும் வந்தால் 22.5. முன்னேற்றம் 6.3 புள்ளி. இதில் டிசைன் புள்ளியாக எதை எடுத்தீர்கள் என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. உங்களுடையதைப் போன்ற குறைவேக ரிக்கில் அழுத்த விகிதம் ஒன்றை ஒட்டியே இருக்கும் என்பதால் இந்தச் சூத்திரம் எதையும் காட்டாது. ஸ்டால் ஆகும் ஃப்ளோ கோஎஃபிஷியன்ட் (காற்றின் அச்சுத் திசை வேகத்தைப் பிளேடு வேகத்தால் வகுத்தது) எத்தனை சதவீதம் குறைந்தது என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு அமைப்பிலும் குறைந்தது மூன்று முறை ஸ்டால் வரை போங்கள். ஸ்டாலில் சில விநாடிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு பிளேடும் சுற்றுக்குச் சுற்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

கே: எரிவாயு மின்நிலையத்தில் பராமரிப்பு வேலை. பிரேம் வகை (தரையில் நிறுவும் கனரக) டர்பைன், 17 ஸ்டேஜ் கம்பிரசர். கோடையில் கம்பிரசர் சர்ஜுக்கு அருகில் போகிறது என்று சந்தேகம். அடுத்த ஓவர்ஹாலில் கேசிங்கைத் திறக்கும்போது முதல் சில ஸ்டேஜுகளுக்கு மேலே குரூவ் கடைந்துவிட்டால் என்ன? – டெக்னீஷியன், ராமநாதபுரம் மாவட்டம்

ப: வேண்டாம்.

கேசிங் இரண்டு பாதியாகப் பிளந்து போல்ட் போட்டது. சூட்டில் முட்டை வடிவத்துக்கு நெளியும். பிளவுக் கோட்டைக் கடந்து குரூவ் வெட்டினால் இரு பாதியிலும் அவை நேருக்கு நேர் நிற்காது. பலவீனமான இடத்தில் பலம் இன்னும் குறையும். தயாரிப்பாளரின் கணக்கு இல்லாமல் செய்தால் பொறுப்பு முழுக்க நிலையத்தின் தலையில். அதைவிட முக்கியம், உங்கள் கோளாறு ஒரு வரிசைப் பிளேடின் முனையில் இருப்பதாகவே தெரியவில்லை.

கோடையில் நடப்பது இது. இயந்திரம் 3000 ஆர்பிஎம்மில்தான் ஓடுகிறது. ஆனால் காற்றுக்குத் தெரியும் வேகம் வேறு. 15 டிகிரி காற்றை 40 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால், வெப்பநிலையின் வர்க்கமூலக் கணக்குப்படி திருத்திய வேகம் 4 சதவீதம் குறைகிறது. 2880-இல் ஓடுவது போலத்தான். கிரிட் அதிர்வெண் 49.5-க்கு இறங்கினால் இன்னொரு சதவீதம். வேகம் குறைந்தால் பல ஸ்டேஜ் கம்பிரசரில் முன் ஸ்டேஜுகளின் தாக்கு கோணம் ஏறும், ஸ்டாலை நெருங்கும். இதைச் சமாளிக்கத்தான் ஐஜிவியும் (நுழைவாயிலில் கோணம் மாறும் வழிகாட்டிப் பிளேடுகள்) ப்ளீட் வால்வும் (நடு ஸ்டேஜ் காற்றை வெளியேற்றும் வால்வு) இருக்கின்றன.

எனவே இந்த வரிசையில் பாருங்கள். ஐஜிவி: பல பிரேம் இயந்திரங்களில் மூடிய நிலை 34 டிகிரி, முழு வேகத்தில் குறைந்தபட்சம் 57, முழுத் திறப்பு 84 முதல் 86 வரை. திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், இயந்திரம் நின்றிருக்கும்போது ப்ரொட்ராக்டர் வைத்துச் சுற்றிலும் பல பிளேடுகளில் அளந்து பாருங்கள். பினியனும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் பிளேடுக்குப் பிளேடு கோணம் மாறும். திரையில் அது தெரியாது. அடுத்து ப்ளீட் வால்வு. 17 ஸ்டேஜ் இயந்திரங்களில் 11-ஆம் ஸ்டேஜ் காற்றை வெளியேற்றும் வால்வுகள் ஸ்டார்ட்டில் திறந்திருந்து, ஜெனரேட்டர் பிரேக்கர் மூடியபின் மூடும். ஒன்று சிக்கி நின்றாலும் ஸ்டார்ட் ஆகும்போதே சர்ஜ் வரும். லிமிட் ஸ்விட்ச் மட்டும் சரியாகக் காட்டி வால்வு அசையாமல் இருப்பதும் உண்டு.

மூன்றாவது அழுக்கு. கடலோரத்தில் உப்பும், பேரிங் சீல் வழியே கசியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் முன் ஸ்டேஜ்களில் பிசின் போலப் படியும். ஓடும்போதே கழுவும் ஆன்லைன் வாஷ் முதல் சில வரிசைகளுக்குத்தான் எட்டும். இயந்திரத்தை நிறுத்திக் கழுவும் ஆஃப்லைன் வாஷ் செய்து, வடியும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். கழுவியபின் கம்பிரசர் டிஸ்சார்ஜ் அழுத்தம் அதே லோடில், அதே வெப்பநிலையில் எவ்வளவு ஏறியது என்று எழுதி வையுங்கள். அந்த எண் ஏறவில்லையானால் எண்ணெய் கசிவைத் தேடுங்கள். பின்பக்கத்திலிருந்து நெருக்குவதும் உண்டு: நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) குறைக்கத் தண்ணீரோ நீராவியோ செலுத்தினால் டர்பைன் வழியே போகும் வாயு கூடி, கம்பிரசரின் பின்னழுத்தம் ஏறும்.

முனை இடைவெளி கடைசி. அதை அளக்க ஓவர்ஹால் வரை காத்திருக்க வேண்டும். இடைவெளி பிளேடு உயரத்தில் ஒரு சதவீதம் கூடினால் அந்த ஸ்டேஜின் செயல்திறன் ஒன்று முதல் இரண்டு புள்ளி குறையும், ஸ்டால் எல்லையும் கிட்டே வரும். பின் ஸ்டேஜ்களில் பிளேடு குட்டை என்பதால் அரை மில்லிமீட்டர் தேய்மானமே பெரிய சதவீதம். இடது, வலது, மேல், கீழ் நான்கிலும் எடுத்த அளவைப் போன ஓவர்ஹால் தாளோடு ஒப்பிடுங்கள். மேலே குறைந்து கீழே கூடியிருந்தால் ரோட்டர் உயர்ந்திருக்கிறது அல்லது கேசிங் தொங்கியிருக்கிறது. அதற்கு மருந்து அலைன்மென்ட்.

கே: நாசாவின் சோதனை ரோட்டரான ரோட்டர் 37-ஐ வைத்து சிஎஃப்டி (கணினியில் ஓட்டக் கணக்கீடு) செய்கிறேன். சாய்வு ஸ்லாட் போட்டதில் ஸ்டால் மார்ஜின் 12 புள்ளி கூடியது. ஸ்டெடி ஓட்டம், ஸ்லாட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஃப்ரோஸன் ரோட்டர். நம்பலாமா? – ஆராய்ச்சி மாணவர், கொழும்பு

ப: அந்த 12-ஐ நம்ப வேண்டாம். ஃப்ரோஸன் ரோட்டரில் ஸ்லாட்டுகள் பிளேடைப் பொறுத்து ஒரே இடத்தில் உறைந்து நிற்கின்றன. ஸ்லாட்டின் வேலையே பிளேடு கடக்கும்போது அழுத்தம் ஏறி இறங்கிக் காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுவதுதான். அது நேரத்தோடு மாறும் ஓட்டம். அன்ஸ்டெடியாகத்தான் செய்ய வேண்டும். ஸ்லாட்டை ஒரு பாதைக்குள் கால் பாதை நகர்த்தி வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். பதில் மாறினால் 12-க்கு என்ன பொருள் என்று புரிந்துவிடும். சுற்றுவட்டக் குரூவுக்கு இந்தத் தொல்லை இல்லை; அது எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி என்பதால் ஒற்றைப் பாதை, ஸ்டெடி ஓட்டம் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். ரோட்டர் 37-இல் 36 பிளேடு, 17,188.7 ஆர்பிஎம், முனை வேகம் விநாடிக்கு 454 மீட்டர், டிசைன் காற்று விநாடிக்கு 20.19 கிலோ, அழுத்த விகிதம் 2.106, இடைவெளி 0.356 மி.மீ. பிளேடின் உயரம் ஏறத்தாழ 75 மி.மீ. ஆகையால் இடைவெளி அரை சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவு இறுக்கமான ரோட்டரில் லீக்கேஜ் சிறியது, முனையில் ஷாக் அலையோடு அது மோதுவதும் சேர்ந்தே ஸ்டாலை நிர்ணயிக்கிறது. இடைவெளிக்குள் குறுக்காக 15 முதல் 20 செல்லாவது (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) இருக்க வேண்டும்.

பின்னழுத்தத்தை ஆயிரம் பாஸ்கல் வீதம் ஏற்றி, கடைசியாகக் கன்வெர்ஜ் ஆன (கணக்கு நிலைபெற்ற) புள்ளியை ஸ்டால் என்று எழுதுவது பரவலான வழக்கம். கணக்கு சிதறுவதும் கம்பிரசர் ஸ்டால் ஆவதும் ஒன்றல்ல. எல்லைக்கு அருகே படியை 100, 200 பாஸ்கலாகச் சுருக்கி, லீக்கேஜ் சந்திப்புக் கோடு முன்விளிம்பைத் தொட்டதா என்று படத்தில் காட்டுங்கள். வழவழப்புக் கேசிங்கிற்கும் ஸ்லாட் கேசிங்கிற்கும் ஒரே படி, ஒரே டர்புலன்ஸ் மாடல், முனைப் பகுதியில் ஒரே மெஷ் வேண்டும்.

கே: பள்ளமே வெட்டாமல் முனையில் காற்றை ஊதினால்? – மாணவர், சென்னை

ப: பலிக்கும். நாசாவில் ஒலி வேகத்தைத் தாண்டிய ரோட்டர் ஒன்றில் கேசிங்கைச் சுற்றித் தனித்தனி முனைக்குழாய்களால் ஊதிப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். 70 சதவீத வேகத்தில் மொத்தக் காற்றில் 1 சதவீதம் ஊதியதற்கு ஸ்டால் ஆகும் ஃப்ளோ கோஎஃபிஷியன்ட் 30 சதவீதம் குறைந்தது. டிசைன் வேகத்தில் 2 சதவீதம் ஊதியும் 6 சதவீதம்தான். ஊதும் காற்றைப் பின் ஸ்டேஜிலிருந்துதான் எடுக்க வேண்டும், அது ஏற்கெனவே செலவழித்து அழுத்திய காற்று. அதனால் ஸ்டார்ட்டிலும் குறைவேகத்திலும் மட்டும் திறக்கும் வால்வோடு வைப்பதே சரி. வால்வு இல்லாமல் ரோட்டரின் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் கேசிங்குக்குள்ளேயே ஒரு வழியால் இணைத்தால், அழுத்த வேறுபாட்டால் அது தானே ஊதிக்கொள்ளும். ஆனால் தேவையில்லாத நேரத்திலும் ஊதும். குரூவை ஒப்பிடும்போது செய்வதற்கு இரண்டுமே கடினம், இடமும் கூடுதலாக வேண்டும்.